சுவரொட்டியும் ஒரு சுவடியே!

அழியவிட்டுப் பின் அரற்றுவது தமிழினத்தின் நெடுநாளைய நோய். அந் நோய்க்குத் தகடூரைக் காட்டிலும் தகுந்த சான்று வேறில்லை. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட அம் மண்ணே இற்றைத் தருமபுரி. அவன் கோட்டையைப் பெருஞ்சேரல் இரும்பொறை எறிந்தழித்த பெரும்போரைப் பாடுதற்கென்றே தகடூர் யாத்திரை என்னும் தனிநூல் ஒன்று இருந்தது. இன்று அந் நூல் இல்லை. புறத்திரட்டைத் தொகுத்தவரும் தொல்காப்பியத்திற்கு உரைவகுத்தவரும் தத்தம் தேவைக்கென எடுத்தாண்ட சிற்சில பாடல்களே எஞ்சியுள்ளன. நூல் மாண்டது, மேற்கோள் மட்டும் பிழைத்தது. அம் மேற்கோள்களும் பிழையாதிருந்தால், அப்படி ஒரு நூல் இருந்த செய்தியே தமிழர்க்குத் தெரியாமற் போயிருக்கும்.

ஏடுகளுக்கு நேர்ந்த அதே கேடு இன்று தாள்களுக்கு நேர்ந்து கொண்டிருக்கின்றது. ஆடிப்பெருக்கன்று பழைய ஓலைச்சுவடிகளை ஆற்றுவெள்ளத்தில் விட்டுப் புண்ணியம் தேடிய மடமையைப் பழித்துப் பேசாத தமிழ்மேடை இல்லை. ஆனால், வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய திரைப்படப் பாட்டுப்பொத்தகத்தையும், கொட்டகைத் துண்டறிக்கையையும், மடித்து வைத்த சுவரொட்டியையும் எடைக்கு எடை பழந்தாட் கடையில் போடும் கைகள், அந்த ஆற்றங்கரைக் கைகளினின்று எவ்வகையில் வேறுபட்டவை? அன்று மூடநம்பிக்கை அழித்தது. இன்று பொருட்படுத்தாமை அழிக்கின்றது. அழிவு ஒன்றே.

'திரைப்படச் சுவரொட்டியையும் தகடூர் யாத்திரையையும் ஒருதட்டில் வைத்து நிறுப்பதா?' என்று தனித்தமிழ் அன்பர் பலர் சினங்கொள்ளக் கூடும். அச் சினம் முற்றிலும் பொருந்தாததன்று. திரைப்படம் தமிழினத்தைப் பிடித்த மயக்கங்களுள் ஒன்றென்பது இவ்வியக்கத்தின் அசைக்கவொண்ணாத கருத்து. வெள்ளித்திரை நிழலைத் தலைவனென்று நம்பியதும், நடிகரின் உருவத்திற்குப் பாற்குடம் கவிழ்த்ததும், மொழிப்போர் ஈகியரின் பெயரறியாத இளைஞன் நடிகையின் பிறந்தநாளை மனப்பாடம் செய்ததும் இந் நாட்டில் நிகழ்ந்த இழிவுகளே. இவற்றுள் எதனையும் மறைக்கவோ மெழுகவோ வேண்டியதில்லை.

ஆயினும், ஒன்றைப் போற்றுவது வேறு; ஒன்றைப் பேணிக்காப்பது வேறு. பகைவன் விடுத்த ஓலையையும் கருவூலத்தில் வைத்துக் காப்பவனே அரசன். நோயின் வரலாற்றை எழுதி வைக்காதவன் மருத்துவனாக முடியாது. ஒரு நூற்றாண்டுக் காலம் தமிழ் மக்களின் கண்ணையும் காதையும் கட்டி ஆண்ட ஒரு கலையின் சான்றுகளை, 'அது கீழானது' என்று சொல்லி அழியவிட்டால், நாளை அதனைக் குறைகூறுதற்கும் தமிழனிடம் ஆவணம் இராது. அவன் கதையை அயலான் எழுதுவான். அயலான் எழுதியதை இவன் படித்துத் தெரிந்துகொள்வான்.

அழிந்தவை எவையெவை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ்நாட்டின் முதல் ஊமைப் படமாகிய கீசகவதம், நடராச முதலியார் எடுத்தது. அதன் சுருள் ஓர் அடியும் இன்றில்லை. தென்னாட்டில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்களுள் ஏறத்தாழ முழுமையாகப் பிழைத்திருப்பது மார்த்தாண்ட வர்மா ஒன்றே. 1931-ஆம் ஆண்டு அக்தோபர் 31-ஆம் நாள் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாசு, இராசலட்சுமி நடித்தது. அதுவும் அழிந்தது. அந் நாளைப் படச்சுருள் நைத்திரேட்டுக் கலவையால் ஆனது, எளிதில் தீப்பற்றும், வெப்பத்தில் தானே உருகிச் சிதையும். தீக்குத் தப்பியவற்றையும் ஆசை விடவில்லை. சுருளின் மேற்பூச்சிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்பதற்காகவே பல படங்கள் கரைக்கப்பட்டன. பூனாவில் 1964-இல் நிறுவப்பட்ட இந்திய அரசின் படக்காப்பகத்துச் சேமிப்பறையில் 2003-ஆம் ஆண்டு பற்றிய தீ, எஞ்சியிருந்த பழஞ்சுருள்களுள் பெரும்பகுதியைச் சாம்பலாக்கிற்று.

அழிந்த படங்களைப் பற்றி இன்று ஏதேனும் தெரிகிறதென்றால், அஃது எதனால்? நாளிதழ் விளம்பரத்தால், பாட்டுப்பொத்தகத்தால், கொட்டகைத் துண்டறிக்கையால், சுவரொட்டியால். படம் மாண்டது, அதனை அறிவித்த தாள் பிழைத்தது. தகடூர் யாத்திரைக்குப் புறத்திரட்டு எதுவோ, அதுவே அழிந்த திரைப்படத்திற்குச் சுவரொட்டி. ஒட்டுப்போட்ட தாளென்று அதனை எள்ளுபவர் இவ்வொப்புமையை எண்ணிப் பார்ப்பாராக.

தனித்தமிழர்க்கு இத் தாள்களில் மற்றுமொரு கருவூலம் உண்டு. தமிழ்மொழி எவ்வாறு கெடுக்கப்பட்டது, எவ்வாறு மீட்கப்பட்டது என்பதற்கு நாள்மாறாத சான்று அவற்றில் அச்சாகியிருக்கின்றது. தொடக்க காலச் சுவரொட்டிகளில் 'டைரக்சன்', 'சங்கீதம்', 'வசனம்', 'நடன சிட்சை' என்றிருந்த இடங்களில், பின்னாளில் இயக்கம், இசை, உரையாடல், நடனப் பயிற்சி என்னும் சொற்கள் வந்தமர்ந்தன. 'டாக்கி' என்றும் 'சினிமா' என்றும் வழங்கியது திரைப்படமாயிற்று. இம் மாற்றம் வானிலிருந்து வீழ்ந்ததன்று. மறைமலையடிகளும் பாவாணரும் அவர் வழிவந்தோரும் ஆற்றிய உழைப்பு, தெருவோரச் சுவர்வரை சென்று எட்டியதன் விளைவு. எந்த ஆண்டில் எந்தச் சொல் மாறிற்று என்பதை வரிசைப்படுத்திக் காட்டவல்ல ஆவணம், அகரமுதலி அன்று, சுவரொட்டியே.

2006-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு தமிழ்ப்பெயர் சூட்டிய படங்கட்குக் கேளிக்கைவரி விலக்கு அளிப்பதாக அறிவித்தது. அவ்வளவுதான்! 'எம்டன் மகன்' என்று பெயரிட்டிருந்த படம் 'எம் மகன்' ஆயிற்று. ஆங்கிலத் தலையோடு வந்த ஒரு படம் அத் தலையைக் களைந்து 'உனக்கும் எனக்கும்' என்று வெளிவந்தது. கிரந்த எழுத்தோடு பிறந்த இன்னொரு பெயர் 'சில்லுனு ஒரு காதல்' என்று திருத்தம் பெற்றது. மொழிப்பற்றால் மாறாதவர் வரிப்பற்றால் மாறினர் என்பது நகைப்புக்குரியதே. எனினும் அரசு நினைத்தால் தமிழ் வாழும் என்பதற்கு அஃதொரு மெய்ச்சான்று. மாற்றத்திற்கு முன்னர் அச்சான தாளும் பின்னர் அச்சான தாளும் அருகருகே வைக்கப்படின், அவற்றைவிட வலிய மொழிப்பரப்புரை வேறுண்டோ? அவற்றைச் சேர்த்து வைத்திருப்பவர் எத்தனைப் பேர்?

இனித் தருமபுரி மாவட்டத்திற்கு வருவோம் எனின், 'ஆங்கு என்ன திரைப்பட வரலாறு?' என்று கேட்பார் உளர். கேள்வியே அறியாமையின் விளைவு. தருமபுரி 1965-ஆம் ஆண்டு அக்தோபர் 2-ஆம் நாள்தான் தனி மாவட்டமாயிற்று. அதுவரை அது சேலம் மாவட்டத்தின் உறுப்பு. 2004-இல் கிருட்டினகிரி பிரிந்தது. ஆகவே, சேலத்தில் ஏற்காட்டு மலையடிவாரச் சாலையில் சுந்தரம் 1935-இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்சு என்னும் படநிலையத்தின் முப்பதாண்டு வரலாறு, தருமபுரியும் ஒன்றாயிருந்த பழைய மாவட்டத்தின் வரலாறே. சென்னைக்கு வெளியே, ஒரு தமிழர் தம் சொந்த முயற்சியால் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை உருவாக்கிய இடம் அது. 1938-இல் மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய பாலன் ஆங்கு உருவானது. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த உத்தமபுத்திரன் 1940-இல் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய அலிபாபாவும் நாற்பது திருடர்களும் 1956-இல் வந்தது. 1963-இல் சுந்தரம் மறைந்தார். பின்னர் அந் நிலையமும் மறைந்தது. இன்று அவ்விடத்தைக் காட்டி நிற்பது ஒரு முகப்பு வளைவு மட்டுமே.

அந் நிலையத்தார் 1950-இல் வெளியிட்ட மந்திரிகுமாரியின் கதைக்கு வேர் குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாயிருந்தும் அழிந்துபோன நூல் அது. அதன் சில பாடல்களும் புறத்திரட்டில் எஞ்சியவையே. அழிந்த காப்பியம் ஒன்றின் கதைத்துண்டு, கலைஞர் கருணாநிதியின் உரையாடலால் மீண்டும் ஊர்தோறும் உலவிற்று. பாலக்கோட்டிலும் அரூரிலும் பென்னாகரத்திலும் உழவரும் கூலித்தொழிலாளரும் எந்தக் கொட்டகையில், எந்த ஆண்டில் அதனைக் கண்டனர் என்பதைக் கூறும் தாள் எவரிடம் உள்ளது? காப்பியத்தையும் இழந்து, காப்பியத்தை மீட்ட படத்தின் தடத்தையும் இழப்பது இரட்டை இழப்பன்றோ?

பாப்பாரப்பட்டியில் 1925-ஆம் ஆண்டு சூலை 23-ஆம் நாள் உயிர்நீத்தார் சுப்பிரமணிய சிவா. சிறையில் தொழுநோய் பெற்று, இறுதிவரை ஊர்ஊராய் நடந்து விடுதலையுணர்வூட்டிய அப் பெருமகனார்க்குத் தமிழியக்கத்திலும் ஓர் இடமுண்டு. மறைமலையடிகளார் தனித்தமிழ் நடைக்கு வித்திட்ட 1916-க்கும் ஓராண்டு முன்னரே, தம் ஞானபாநு இதழில், வடசொற் கலவாத் தமிழில் கட்டுரை வரைவார்க்கு ஐந்து உருபா பரிசு என்று அறிவித்தவர் அவர். அவர் வாழ்வையும் வ.உ.சி.யின் வாழ்வையும் 1961-இல் பந்துலு எடுத்த கப்பலோட்டிய தமிழன் திரையிற் காட்டிற்று. சிவாவாக நடித்தவர் அவ்வை தி.க. சண்முகம். சிவா அடங்கிய மண்ணில் அப் படத்தின் சுவரொட்டி ஒன்றேனும் பேணப்பட்டிருத்தல் வேண்டாவா? அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையின் பெயர்தாங்கி, கே.பி. சுந்தராம்பாள் நடிக்க 1953-இல் வெளிவந்த ஔவையார் படத்தின் தாள், அதியமான் ஆண்ட ஊரில் கண்ணாடிச் சட்டமிட்டு வைக்கத் தக்கதன்றோ?

திரைப்படம் தருமபுரியில் வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததுமில்லை. தமிழன்பர்கள் உகுநீர்க்கல் என வழங்கும் ஒகேனக்கல் அருவியைப் படமெடுப்போர் பலகாலும் நாடி வந்தனர். 1992-இல் வந்த உரோசா படப் பாடல் வழியே இந்தியத் துணைக்கண்டம் முழுதும் அக் காவிரிக் காட்சியைக் கண்டது. ஆனால் 2008-ஆம் ஆண்டில் அதே ஒகேனக்கல் வேறொரு வகையில் திரையுலகை இழுத்தது. தருமபுரி, கிருட்டினகிரி மக்கள் புளூரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்டு வாடுவதைத் தீர்க்க வகுக்கப்பட்ட கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கன்னட வெறியர் எதிர்த்தனர். பெங்களூரில் தமிழ்ப்படம் ஓடிய கொட்டகைகள் தாக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்பிரல் 4-ஆம் நாள் தமிழ்த் திரையுலகத்தார் சென்னையில் உண்ணாநோன்பிருந்தனர். திட்டம் 2013-இல் நிறைவெய்தியது. குடிநீர்க்கான உரிமைப் போரில் அயல்மாநிலத்துத் தமிழ்ப்படக் கொட்டகை போர்க்களமானது! அந் நாள்களில் தருமபுரிச் சுவர்களில் ஒட்டப்பட்ட தாள்கள், படத்திற்கானவையும் போராட்டத்திற்கானவையும், இன்று எங்கே? இன்னும் இருபதாண்டு கழியாத வரலாற்றுக்கே இந் நிலையெனின், எழுபதாண்டு வரலாற்றுக்கு என்ன நேர்ந்திருக்கும்?

சுவரொட்டி என்பது ஒரே தாளன்று. இரு வரலாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இரட்டைத் தாள். மேலே படத்தின் பெயரும் ஓவியமும். அவை சிவகாசியிலோ சென்னையிலோ, ஓவியர் கல்லிலும் தகட்டிலும் நிறத்திற்கொன்றாக வரைந்து அச்சேற்றியவை. அடியில் உள்ளூர் அச்சகத்தில் ஒரே மையில் அடித்து ஒட்டிய நீளத் துண்டுத்தாள். அதில் கொட்டகையின் பெயர், காட்சி நேரம், தொடங்கும் நாள். மேற்பகுதி தமிழ்நாட்டிற்குப் பொது. அடித்துண்டு அவ்வூர்க்கே உரியது. சேர்ப்போர் பலர் மேற்பகுதியின் அழகுக்கு மயங்கி அடித்துண்டை வெட்டி எறிவர். ஊர் வரலாற்றின் உயிர்நிலையோ அவ்வடித்துண்டிலேயே உள்ளது! கூடாரக் கொட்டகைகள் குறுகிய கால உரிமம் பெற்று, ஊர்விட்டு ஊர் பெயர்ந்தவை. மணலைக் குவித்து அமர்ந்து மக்கள் படங்கண்ட அவ்விடங்கள் இன்று வீட்டுமனைகளாகவும் திருமணக் கூடங்களாகவும் மாறிவிட்டன. அவை இருந்தமைக்கு அத் துண்டுத்தாளே கல்வெட்டு.

கல்வெட்டு என்பது வெற்றுப் புகழுரையன்று. திருக்கோவலூர்க்கு அருகே சம்பையில் ஒரு பாறையில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறித்த ஒருவரிக் கல்வெட்டு 1981-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை அதியமானைப் புலவர் புனைவென்று கருதினோரும் அவ்வொரு வரியால் வாயடைத்தனர். தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் கேட்பாரற்றுக் கிடந்த நடுகற்கள், 1970-களில் தொல்லியல் துறையார் படியெடுத்து நூலாக்கிய பின்னரே, தமிழெழுத்து வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாக மதிக்கப்பட்டன. கல்லை வெறுங்கல்லென்று கருதிய காலமும் இருந்தது. தாளை வெறுந்தாளென்று கருதுங் காலம் இது.

தனிமாந்தர் முயற்சியால் காக்க முடியுமா என்று தயங்குவார்க்கு இருவர் வாழ்க்கை விடைசொல்லும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த உரோசா முத்தையா விளம்பரப்பலகை எழுதும் தொழிலர். பிறர் குப்பையென்று கழித்த நூல், இதழ், திருமண அழைப்பு, நாடகத் துண்டறிக்கை, திரைப்படப் பாட்டுப்பொத்தகம் ஆகியவற்றைத் தேடித்தேடிச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ நூறாயிரம் பொருள்கள் அவர் இல்லத்தில் இருந்தன. அவற்றை 1994-இல் விலைக்கு வாங்கிக் காத்தது தமிழ்நாட்டின் பல்கலைக்கழகம் எதுவுமன்று. அமெரிக்க நாட்டுச் சிக்காகோப் பல்கலைக்கழகம்! தமிழர் நாணத்தக்க செய்தி இது. எனினும் அத் தொகுப்பு நாட்டைவிட்டுப் போகாமல், சென்னையில் ஆராய்ச்சி நூலகமாய் நிலைத்தது ஆறுதல். மற்றொருவர், 2016-இல் மறைந்த பிலிம் நியூசு ஆனந்தன். படத்தொடர்பாளராக உழைத்துக்கொண்டே, வெளிவந்த ஒவ்வொரு தமிழ்ப்படத்தின் குறிப்பையும் ஒளிப்படத்தையும் ஒற்றையாளாய்த் திரட்டினார்; 2004-இல் தமிழ்த் திரைப்பட வரலாற்றைப் பெருநூலாக்கினார். அவர் திரட்டியவற்றைத் தமிழ்நாட்டரசு ஏற்றது. ஏற்பது தொடக்கமே, ஏற்றதை மக்கள் காணவும் ஆய்வோர் பயன்கொள்ளவும் திறந்துவைப்பதே முடிவு.

அயலவர் தம் தாளை எவ்வாறு மதிக்கின்றனர் என்பதும் அறியத்தக்கது. செருமனியில் 1927-இல் வெளிவந்த மெட்ரோபோலிசு என்னும் ஊமைப்படத்தின் சுவரொட்டி ஒன்று 2005-ஆம் ஆண்டு 6,90,000 தாலருக்கு விலைபோயிற்று. தமிழ்த்தாள் அவ்விலைக்கு விற்க வேண்டுமென்பது இங்குக் கருத்தன்று. விலைபேசப்படும்வரை தன் பொருளின் மதிப்பறியாத இனம், விலைபேசப்பட்டபின் அப் பொருளைக் கையில் வைத்திராது என்பதே கருத்து.

எனவே செய்யத்தக்கவை இவை. தருமபுரி மாவட்டத்து ஊர்தோறும் உள்ள அன்பர்கள், பழைய கொட்டகைகளில் படங்காட்டிய இயக்குநர், நுழைவுச்சீட்டுக் கிழித்தவர், சுவரொட்டி ஒட்டியவர், பதாகை வரைந்த ஓவியர் ஆகியோரைத் தேடிக் காணவேண்டும். கையால் வரைந்த பதாகைகளை நெகிழிப் பதாகை விழுங்கியபின் அவ்வோவியர் பலர் தொழிலிழந்தனர். அவர்தம் நினைவே முதல் ஆவணம். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே பதிவுசெய்தல் வேண்டும். அடுத்து, அரசுக் கோப்பு. 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொட்டகைக்கு உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேளிக்கைவரி தண்டப்பட்டது. உரிமப் பதிவேட்டிலும் வரிப் பதிவேட்டிலும் அழிந்த கொட்டகைகளின் பெயர்கள் துயில்கின்றன. காலங்கடந்த கோப்பென்று அவை எரியூட்டப்படுமுன் படியெடுத்தல் வேண்டும். 1965-க்கு முந்தியவற்றைச் சேலத்தில் தேடுதல் வேண்டும்.

கிடைத்த தாளைக் காக்கும் முறையும் எளிதே. மலிவான தாளில் உள்ள புளிப்புப் பொருளே அதனைப் பழுப்பாக்கிப் பொடியாக்குகின்றது. வெயிலும் ஈரமும் அவ்வழிவை விரைவாக்கும். மடித்தல் கூடாது; மடிப்பிலேயே கிழியும். ஒட்டுநாடா கூடாது; அதன் பசை தாளில் ஊறிக் கறையாகும். நெகிழியுறையிட்டு வெப்பத்தால் ஒட்டுதல் கூடவே கூடாது; அதனை மீண்டும் பிரிக்கவியலாது. விரித்து, புளிப்பற்ற தாள்களை இடையிட்டு, செல்லும் இராமபாணப் பூச்சியும் அணுகாத உலர்ந்த இடத்தில் வைத்தலே முறை. பழைய மாவுப்பசையை நாடிப் பூச்சி வருமாதலால் அடிக்கடி பார்த்தல் வேண்டும். வருடியால் தெளிவுறப் படியெடுத்து, படிகளை ஈரிடங்களில் வைத்து, கிடைத்த ஊர், கொட்டகை, நாள் ஆகியவற்றைத் தமிழில் குறித்தல் வேண்டும். குறிப்பில்லாத தாள் பெயரில்லாத நடுகல்.

சேர்த்ததைப் பூட்டி வைப்பதும் ஒருவகை அழிவே. ஏட்டைக் காட்டமாட்டேன் என்று பெட்டியில் பூட்டிச் செல்லுக்கு இரையாக்கிய பழம்பண்டிதர் வழியை இற்றைத் தமிழர் பின்பற்றலாகாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆக்கியோன் பெயர் குறிக்கப்படாத வெளியீட்டுக்கு, வெளிவந்த மறு ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு உரிமையே தருகின்றது. ஆகவே பழைய பெயரிலாத் தாள்கள் பலவும் மக்கள் உடைமையாகிவிட்டன. பொங்கல் விழாவில் ஊர்ப் பள்ளியில் அவற்றைக் காட்சிக்கு வைக்கலாம். படிகளை நூலகங்களுக்கும் ஆராய்ச்சியாளர்க்கும் வழங்கலாம். தருமபுரியில் நடுகற்களைக் காத்து நிற்கும் தொல்லியல் அகழ்வைப்பகத்தில் ஓர் அறையையேனும் மக்கட்கலைத் தாள்களுக்கு ஒதுக்குமாறு அரசைக் கேட்கலாம். தமிழ்ப்படச் சுருளைத் தேடுவோர் பூனாவுக்கு நடக்கவேண்டிய நிலை மாறத் தமிழ்நாட்டிற்கெனத் தனிப் படக்காப்பகம் வேண்டுமென்பதும் உரிமைக் கோரிக்கைகளுள் ஒன்றாதல் வேண்டும்.

இவ்வளவும் நடிகரைப் போற்றுதற்கன்று. நூறாண்டுத் தமிழ்வாழ்வின் பெருமையும் சிறுமையும், சொல்லின் கேடும் மீட்சியும், ஊரின் பெயரும் உழைத்தவர் கையும் அத் தாள்களில் பதிந்துள்ளன. பெருமையை மட்டும் காத்துச் சிறுமையைக் கொளுத்துவது வரலாறன்று, ஒப்பனை. ஒப்பனை திரைப்படத்திற்கு வேண்டும், இனத்திற்கு வேண்டா.

தகடூரை எறிந்தவன் சேரன்; தகடூரின் நூலை எறிந்தவன் தமிழனே. இனியேனும் அம் மண்ணில் எழுத்துப் பதிந்த எத் தாளும் குப்பைக்குப் போகாதிருக்கட்டும்.